இணைப்பில் காத்திருங்கள்

பங்க் ராக் பாடுகிறவர்கள் எதையும் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். தங்களை அவர்கள் மதித்துக்கொள்கிற அளவுக்கு எந்த நீதிபதியும் தன்னை மதித்துக்கொண்டதில்லை. இந்தக் கதையில் வரும் நால்வரும் தங்கள் முதல் இசைத்தட்டின் நடுவில் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று எழுதாமல் விட்டது அந்த மதிப்பினால்தான்.

நால்வரில் பாடுகிறவள் ஒருத்தி. மற்ற மூவரும் அவளை அக்கா என்பார்கள். அதில் கிட்டார்க்காரனுக்கு மட்டும் அவள் கூடப் பிறந்த அக்கா; அவன்தான் தம்பி. டிரம்ஸ் அடிப்பவன் இடி. பேஸ் கிட்டார் வாசிப்பவன் ஊமை. அவனுக்குப் பேச வரும். பேசுகிற அளவுக்கு உலகத்தில் என்ன இருக்கிறது என்பது அவன் எண்ணம். டயர் கடைக்குப் பின்னால், சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறையில் இவர்கள் மாலை வேளைகளில் கூடி, அக்கம்பக்கத்தார் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

பகலில் அக்காவுக்கு வேறு குரல். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. ஒவ்வொரு மேஜையிலும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒட்டியிருப்பார்கள். பேசுகிறவள் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேச வேண்டுமாம்; சிரிப்பு குரலில் தெரியுமாம். மேற்பார்வையாளன் பின்னால் நடந்துகொண்டே கண்ணாடிக்குள் பல் தெரிகிறதா என்று பார்ப்பான். காதில் ஒருவன் அவள் வம்சத்தையே இழுத்துக்கொண்டிருப்பான், கண்ணாடியில் இவள் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவளைப்போல் சிரித்துக்கொண்டிருப்பாள். "உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். கொஞ்சம் இணைப்பில் காத்திருங்க." பொத்தானை அழுத்துவாள். அந்தப் பக்கம் பாட்டு ஓடும்.

அவன் காத்திருக்கிற நேரத்தில் அக்கா என்ன செய்வாள்? அவன் திட்டினதை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பாள். மெட்டுக்குள் உட்காருகிற வசவு, உட்காராத வசவு என்று இரண்டு வகை உண்டு. உட்காருகிறதை அன்று மாலையே முட்டை அட்டை அறையில் கத்திவிடுவாள். அவர்களுடைய பாட்டு முழுவதும் அப்படி வந்ததுதான். தட்டுக்கு வைத்த பெயரும் அதுவே: இணைப்பில் காத்திருங்கள்.

அதில் மூன்றாவது பாட்டு ஒரு நண்பகல் அழைப்பில் பிறந்தது. அழைத்த மனிதருடைய மெஷின் தண்ணீரை இறக்கவுமில்லை, கதவைத் திறக்கவுமில்லை. உள்ளே அவருடைய வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் ஒரு சிவப்புத் துண்டோடு ஊறிக்கொண்டிருந்தன. அவர் மெஷினில் ஆரம்பித்து நாகரிகத்தின் வீழ்ச்சி வரைக்கும் போனார். "கேளும்மா, கேளு. நான் யாருன்னு தெரியுமா உனக்கு? வெள்ளையைத் தவிர வேற கலர் உடம்புல பட்டதில்ல. என் வெள்ளையை எனக்குத் திருப்பிக் குடு!" அந்த 'யாரு'வை அவர் இழுத்த இழுப்பும், 'உனக்கு' என்பதில் வைத்த குத்தும் இருக்கிறதே, அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு அந்த இழுப்பை அப்படியே வாயில் பிடித்துக்கொண்டாள். பாட்டு இரண்டு நிமிடம்கூட வராது. கடைசியில் இடியின் அம்மா வீட்டு மெஷின் துணியைப் பிழிகிற சத்தத்தைச் சேர்த்தார்கள். மெஷின் அலறும், அதற்கு மேலே இவள் அலறுவாள்.

இசைத்தட்டு அச்சடிப்பவர் போனில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். "லேபிள்ல வேகம் போடணுமேம்மா. இவ்வளவு பெரிய தட்டைப் பார்த்தா நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்துன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. உங்களது நாப்பத்தஞ்சுல வெட்டினது."

"ஒண்ணும் போட வேண்டாம். கறுப்பா விடுங்க. பாடினவங்க பேரு, போட்டோ எதுவும் கிடையாது. அட்டையில தட்டோட பேரும் மெஷினோட கதவும் மட்டும் இருக்கட்டும்."

"தப்பா போட்டுக் கேட்டா?"

"கேக்கறவனுக்குக் காது இருக்குல்ல?"

காது எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டு இருக்கிறது. அது போதும் என்று நினைத்ததுதான் அவள் செய்த பிழை.

ஊரில் ஒரு விமர்சகர் இருந்தார். பேனாக்கத்தி என்று பட்டப்பெயர். பத்திரிகையில் வாராவாரம் அரைப் பக்கம் எழுதுவார். எழுதின வாரம் ஏதாவது ஒரு இசைக்குழு கலைந்துபோகும். நல்லது என்று எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கொஞ்ச மாதமாக அவருக்கு வெளிர் ரோஸ் நிறச் சட்டைதான் அடையாளம். அதைப் பார்த்து அவருடைய சிஷ்யப் பிள்ளைகள் எல்லோரும் வெளிர் ரோஸுக்கு மாறியிருந்தார்கள். கச்சேரி நடக்கும் இடங்களில் பத்து ரோஸ் சட்டைகள் ஒன்றாக நின்று தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தால், வாசிக்கிறவனுக்குத் தாளம் தப்பும்.

அந்தப் பேனாக்கத்தி இந்தத் தட்டைப் புகழ்ந்துவிட்டார். தம்பி பத்திரிகையை எடுத்துக்கொண்டு டயர் கடைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்க வாசித்தான்.

"'இது பங்க் இல்லை. துக்க கீதமும் இல்லை. இதுவரை நாம் போட்டு வைத்திருக்கும் எந்த வகைக்குள்ளும் இந்த இசைத்தட்டு அடங்காது. ஆழ்கிணற்றின் அடியிலிருந்து எழும் அந்த ஆண் குரல்...'"

"ஆண் குரலா?" என்றாள் அக்கா.

"இரு, அக்கா. 'நத்தையின் பொறுமையோடு நகரும் தாளம். மூன்றாவது பாடலின் முடிவில் கடலின் ஓலம். வெள்ளை என்பது மனிதன் இழந்த தூய்மை. நான் யார் என்பது ஆதி மனிதனின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன்.'"

இடி வாயைப் பிளந்தான். "நத்தையா? என்னையா சொல்றான்? வேற எவன் தட்டையோ கேட்டுட்டு நம்ம தட்டோட பேரைப் போட்டுட்டான்டா."

ஊமை எழுந்தான். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் வேகக் குமிழை மெதுவான முப்பத்து மூன்றுக்குத் திருப்பி, மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தான்.

இடியின் அடி சோம்பேறி கதவைத் தட்டுவதுபோல் வந்தது. தம்பியின் கிட்டார் முனகியது. பிறகு யாரோ ஓர் ஆண், பெண்டாட்டியைப் பறிகொடுத்த பெரியவர் மாதிரி ஒருவர், தொண்டை கனக்க எதையோ இழுத்தார். வார்த்தை பாதி புரிந்தது, பாதி கரைந்து போனது. அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஊசியை வெடுக்கென்று தூக்கினாள். நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டிக் கத்திய கத்தல் அது. அதை எவனோ ஒரு கிழவன் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேனாக்கத்தியின் காதுக்குப் புதுப்புதுப் பெயர்கள் வைத்தார்கள். ஆனால் அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். பெரியவர் எழுதின பிறகு சின்னவர்களுக்கு வேறு வேகம் ஏது? எல்லோரும் முப்பத்து மூன்றில் கேட்டார்கள், எல்லோரும் தலை வணங்கினார்கள். ஒருவர் பாடகர் சிறை சென்று மீண்டவராக இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்னொருவர் அவர் அதிகம் புகைப்பதை நினைத்துக் கவலைப்பட்டார். கடையில் தட்டு தீர்ந்தது. கச்சேரி மண்டபத்து மேலாளர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனாக்கத்தி தலைமையில் தட்டைப் போட்டுக் கேட்கும் கூட்டம், அதைத் தொடர்ந்து குழுவின் கச்சேரி என்றார்.

"வேகத்தைச் சொல்லிடலாம்டா" என்றாள் அக்கா.

தம்பி தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் ஏதோ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். "சொல்லலாம்க்கா. சொன்னா அப்புறம் நாம பழையபடி டயர் கடைதான். இப்ப வர்றவங்க அந்தக் கனமான குரலைக் கேக்க வர்றாங்க. ஊமை தொண்டை அதே மாதிரி இருக்கு. அவன் முன்னாடி நின்னு மெதுவா பாடட்டும். நீ பின்னாடி கோரஸ் குடு."

"என் பாட்டுக்கு நான் கோரஸா?"

"கோவப்படாதேக்கா. வார்த்தை எல்லாம் உன்னுதுதானே."

"வார்த்தை வாஷிங் மெஷின்காரனுங்களுது. மெட்டு நாலு பேருது. குரல் மட்டும்தாண்டா என்னுது!"

இடி கூரையைப் பார்த்தான். உலகத்துக்கே அடங்க மாட்டோம் என்று நான்கு வருடம் கத்தியவர்கள், அரைப் பக்கப் புகழ்ச்சிக்குச் சுருண்டு படுத்துவிட்டார்கள். ஊமையாவது மறுத்துச் சொல்வான் என்று அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க ஆரம்பித்துவிட்டான்.

வர மாட்டேன் என்று சொன்னவள்தான், ஞாயிற்றுக்கிழமை போனாள். தன் குரலுக்கு நடக்கிற காரியத்தைத் தானே பார்க்காவிட்டால் எப்படி? மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்னால் இரண்டு வரிசை முழுக்க ரோஸ் சட்டைகள். மேடையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு குடும்பம் குடியிருக்கிற வாடகை வீட்டைவிட விலை கூடின டர்ன்டேபிள். ஓரத்தில் ஓர் அம்மாள், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். விமர்சகரின் மனைவி என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். பேனாக்கத்தி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இங்க நிக்காதேம்மா. கலைஞர்கள் வர்ற வழி."

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று பட்டது. எட்டு மணி நேரம் குரல்களோடு மட்டுமே வாழ்கிறவளுக்கு முகம் மறக்கும், குரல் மறக்காது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை குரல்! தள்ளி நின்றாள்.

அவர் பேச எழுந்தார். தொண்டையைச் செருமினார். "கேளுங்க, கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

அக்காவின் கை தானாகக் காதுக்குப் போனது, ஹெட்போனைச் சரிசெய்ய. அங்கே ஹெட்போன் இல்லை. தலைக்கு மேல், மேடையில், அவருடைய ரோஸ் சட்டை. அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். சாயம் வெளுத்தால் ஆள் யாரென்று தெரியும் என்பார்கள். இந்த மனிதருக்குச் சிவப்புத் துண்டின் சாயம் ஏறித்தான் தெரிந்தது.

அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். இந்தக் கவிஞனை நேரில் கண்டால் காலில் விழுவேன் என்றார். இவ்வளவு ஆழமான கேள்வியை எழுப்புகிறவன் நம் காலத்தில் நமக்கு நடுவே உலவுகிறான் என்றார். தன் வசவை அடையாளம் தெரியாமல் தானே கும்பிடுவதற்கு ஒரு தனிப் பிறவி எடுத்து வர வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் திட்டுகிறவர் எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்?

மூன்றாவது பாட்டில் ஊசியை வைத்தார். கிழவர் முனக ஆரம்பித்தார். ரோஸ் சட்டைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. திரைக்குப் பக்கத்தில் ஊமை கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு தயாராக நின்றான். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கிட்டார் கம்பியைப் பார்த்தான்.

அவள் நேரே மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும்தான் கண்ணை மூடியிருந்தார்களே. குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினாள்.

கிழவர் செத்தார். அவள் குரல் எழுந்து மண்டபத்தை அறைந்தது. டிரம்ஸ் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து ஓடியது. ரோஸ் சட்டைகள் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தன.

"ஏய், யாரும்மா நீ? கையை எடு!"

"இதுதாங்க சரியான வேகம். பாடினது நான்தான்."

"நீயா?" அவர் சபையைப் பார்த்துச் சிரித்தார். சபையில் பாதி சிரித்தது. "முப்பது வருஷமா தட்டு கேக்கறவன்கிட்ட வந்து வேகம் சொல்லித் தர்றியா? கேளும்மா, கேளு. நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

ஒலிபெருக்கி கொஞ்சம் பின்தங்கித் திருப்பிச் சொன்னது: "கேளும்மா, கேளு! நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

அதே இழுப்பு. அதே குத்து. 'யாரு' இழுபட்டது, 'உனக்கு' குத்தியது. மண்டபம் அவரைப் பார்த்தது, ஒலிபெருக்கியைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. "வெள்ளையைத் தவிர வேற கலர் உடம்புல பட்டதில்ல!" என்று தட்டு அலறியது. பேனாக்கத்தியின் வாய் திறந்தபடியே இருந்தது. "என் வெள்ளையை எனக்குத் திருப்பிக் குடு!"

ஓரத்திலிருந்த அம்மாள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுச் சமையலறையில் பேசுகிற அதே சாதாரணக் குரலில் கேட்டார். "ஏங்க, இது நீங்க பேசினதுதானே? அந்தச் சிவப்புத் துண்டு விஷயம்?"

முதலில் சிரித்தவன் இடிதான். அப்புறம் பின்வரிசை. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேட்பதுதான் சுலபம். ரோஸ் சட்டைப் பிள்ளைகள் மட்டும் குனிந்து அவரவர் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மேல் பொத்தானைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே வாயும் அவருடையது, பாட்டும் அவருடையது. தட்டின் கடைசியில் இடியின் அம்மா வீட்டு மெஷின் துணியைப் பிழிந்தது. கடலின் ஓலம் என்று அதைச் சொன்னவர் மேடையின் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்.

ஊமை மப்ளரை அவிழ்த்தான். மைக்கைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தான். தம்பி கிட்டாரை மாட்டிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றான். அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். இடி குச்சிகளைத் தூக்கினான். அவள் கத்தினாள். எத்தனையோ மாதமாகக் கண்ணாடிக்குள் சிரித்ததை எல்லாம் கத்தினாள். கிழவரைக் கேட்க வந்தவர்கள் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டுக் குதித்தார்கள். தங்களுக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அவளுடைய குரல், அவளுடைய வாயிலிருந்து வந்தது, எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்கிற நேரத்தில், அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார். புருஷன் பின்னால் போகவில்லை. அண்ணாந்து அக்காவையே பார்த்தார்.

"உன் குரல் எனக்குத் தெரியும்மா" என்றார்.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. குனிந்தாள். "தட்டு வாங்கிக் கேட்டீங்களா?"

"தட்டா? அதெல்லாம் அவரு கேப்பாரு. அன்னைக்கு அவரு போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தானே கத்தினாரு. நீதானே பேசினே? காத்திருங்கன்னு சொன்னியே."

"ஆமாங்க."

"காத்துக்கிட்டுத்தாம்மா இருக்கோம். யாரும் வரல. புது மெஷின் வாங்க மாட்டேங்கறாரு, அது அவரு குணம். அந்த ரோஸ் சட்டை எல்லாத்தையும் இன்னிவரைக்கும் நான் கையாலதான் துவைக்கிறேன்." கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. "ஆளு எப்பம்மா வரும்?"

அக்காவுக்கு அந்த நண்பகல் ஞாபகம் வந்தது. பொத்தானை அழுத்தியதும், 'யாரு'வை வாயில் உருட்டியதும், மெட்டு உட்கார்ந்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. புகாரைப் பதிவு செய்தது மட்டும் ஞாபகம் வரவில்லை. செய்தால்தானே வரும்.

அம்மாள் கையை மடக்காமல் நின்றார். பதில் தேடிய வாய் பழகின தடத்திலேயே போனது. கண்ணாடி இல்லாமலே முகம் சிரித்தது. "உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. கொஞ்சம் இணைப்பில் காத்திருங்க."

மைக் கையிலேயே இருந்தது. தட்டின் பெயரைக் கேட்டதும் மண்டபம் கூச்சலிட்டது. அடுத்த பாட்டு என்று நினைத்து இடி நான்கு எண்ணிவிட்டு அடிக்க ஆரம்பித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை, காத்திருந்தார்.